புறத்தே தெரிந்த புற்று

நோய்களுக்கு மக்கள் இட்டு வழங்கிய பெயர்களை ஆராய்ந்தால், அந்நோய்களை அவர்கள் எவ்வாறு கண்டார்கள் என்பது புலப்படும். அம்மை என்ற பெயரில் அச்சமும் பக்தியும் கலந்து நிற்கின்றன. யானைக்கால் என்பது ஓர் உவமை. புற்று என்ற பெயரும் அத்தகையதே. நிலத்தின்மேல் எழுந்து, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகக் கிளைத்து, வாய் திறந்து நிற்கும் கறையான் புற்றை நம் வயல் வரப்புகளில் காணாதவர் இலர். கிரேக்கர்கள் இந்நோயை நண்டு என்று பொருள்படும் சொல்லால் வழங்கினர். கட்டியினின்றும் நாற்புறமும் பரந்து ஓடும் இரத்த நாளங்கள் நண்டின் கால்களைப் போல அவர்கட்குத் தோன்றினவாம். நண்டாயினும் புற்றாயினும் இரண்டும் கண்ணால் கண்டு இட்ட பெயர்கள். உடலின் உள்ளே நோக்குவதற்குக் கருவி எதுவும் இல்லாத அக்காலத்தில், தோலுக்கு மேலே எழுந்து வந்த நோயே முன்னோர்க்கு நன்கு தெரிந்த புற்றாக இருந்தது. அவற்றுள்ளும் மிகுதியாகப் பேசப்பட்டது பெண்களின் மார்பகத்தில் தோன்றிய புற்று.

அந்த மார்பகப் புற்று தோலுக்குப் பரவிய பிறகும் அதனோடு வாழ்ந்தவர்களின் வரலாற்றையே இன்று சொல்ல எடுத்துக்கொண்டேன். மாணவர்களுக்கு இது ஏற்ற பொருளா என்று சிலர் ஐயுறலாம். முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் போர்களையும் முடிசூட்டு விழாக்களையும் கற்பித்தவன் நான். அவை நடந்த அரண்மனைகளின் உள்ளறைகளிலும், அவற்றுக்கு வரி செலுத்திய குடிசைகளின் உள்ளறைகளிலும் வேறொரு வரலாறு நடந்துகொண்டேயிருந்தது. உங்களிற் பலருடைய வீடுகளிலும் அவ்வரலாறு நுழையக்கூடும். அதனை அறிந்துகொள்வதற்குக் கல்லூரி வயது சிறியதன்று.

முதலில் நோயின் இயல்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மார்பகப் புற்று தோலுக்கு வருவது இரு வழிகளில். கட்டி பெருத்து, தன்மேல் இருக்கும் தோலையே பற்றிப் புண்ணாக்குவது ஒரு வழி. மருத்துவர்கள் இதனைப் பெரும்பாலும் மூன்றாம் நிலையில் வைப்பர். புற்றணுக்கள் நிணநீர் நாளங்கள் வழியாகவோ இரத்தத்தின் வழியாகவோ சென்று, மார்புச் சுவரிலோ வயிற்றிலோ உச்சந்தலையிலோ தோலில் தங்கி முளைப்பது மற்றொரு வழி. மார்பகத்துக்கு அப்பாலுள்ள தோலில் இவ்வாறு முளைத்தது நான்காம் நிலை எனப்படும். முன்பு அறுவை செய்த தழும்பையொட்டி இவை தோன்றுவது மிகுதி. தொட்டால் கெட்டியாக இருக்கும். தொடக்கத்தில் வலி இராது. தோலின் நிறமாகவோ செம்மையாகவோ காணப்படும். சில அப்படியே நின்றுவிடும். சில உடைந்து புண்ணாகி, நீர் வடிந்து, குருதி கசிந்து, நாற்றமெடுக்கும். ஆடவர்க்கும் மார்பகப் புற்று உண்டு, ஆனால் அரிது. தோலில் வந்த புற்று தொட்டால் ஒட்டிக்கொள்வதன்று. இந்த ஒன்றை நன்றாக நினைவிற் கொள்ளுங்கள். இதனை அறியாமையால் விளைந்த துன்பத்தைப் பின்னர்ச் சொல்வேன்.

பழைய சான்றுகளுள் ஒன்று பாரசீகத்தில் கிடைக்கிறது. கி.மு. 6ஆம் நூற்றாண்டின் இறுதியில் பேரரசன் தாரியஸின் பட்டத்தரசியாக விளங்கியவள் அட்டோசா. அவள் மார்பில் ஒரு கட்டி எழுந்து, உடைந்து, பரவலாயிற்று என்று வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். கட்டி சிறிதாக இருந்தவரையில் நாணத்தால் அதனை ஒருவரிடமும் சொல்லாது மறைத்தாளாம். மிகுந்தபின், சிறையாகக் கொண்டுவரப்பட்டிருந்த டெமோசிடீஸ் என்னும் கிரேக்க மருத்துவனை அழைத்தாள். அவன் குணப்படுத்தினான். அதற்குக் கைம்மாறாக, கிரேக்கத்தின்மீது படையெடுக்குமாறு கணவனைத் தூண்டவும், வழிகாட்டியாகத் தன்னை அனுப்பச் செய்யவும் வேண்டினான். அனுப்பப்பட்டவன் தன் ஊருக்கு ஓடிவிட்டான். கதை சுவையுடையதுதான். ஆயினும் வரலாறு பயில்வோர் இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டும். அட்டோசாவின் கட்டி புற்றுதான் என்று ஹெரோடோட்டஸ் சொல்லவில்லை. அக்கால மருத்துவத்துக்குத் தீர்ந்தது என்றால், அது சீழ்க்கட்டியாகவும் இருந்திருக்கலாம். நான் அக்கதையில் உறுதியாகக் கொள்ளும் செய்தி ஒன்றே: பேரரசி ஒருத்தி மார்பிலே நோயை வைத்துக்கொண்டு வாய் திறவாதிருந்தாள்.

ஐயத்துக்கு இடமில்லாத மற்றோர் அரசியைப் பார்ப்போம். பிரெஞ்சு நாட்டு மன்னர் பதினான்காம் லூயியின் அன்னை ஆன். இவர் ஸ்பெயின் நாட்டு இளவரசியாக 1601இல் பிறந்தவர். 1615இல் பதின்மூன்றாம் லூயியை மணந்தவர். 1643இல் கணவர் மறைந்தபின், நான்கு வயதும் சில மாதங்களுமே நிரம்பிய மைந்தனுக்காக நாட்டை ஆண்டவர். பாரிஸ் நகரத்தில் வால்–தெ–கிராஸ் என்னும் கன்னிமடத்தை வளர்த்து, அதன் பெருங்கோயிலைக் கட்டுவித்தவரும் இவரே. பதினான்காம் லூயியைப் பற்றி எழுதிய பாடநூல்களில் இந்த அன்னையார் இரண்டு வரிகளில் வந்து மறைந்துவிடுவார். அவருடைய தோழியாக அரண்மனையில் வாழ்ந்த மோத்தவீல் அம்மையார் எழுதிவைத்த நினைவுக் குறிப்புகளில்தான் அவருடைய இறுதி இரண்டு ஆண்டுகள் தெரிகின்றன.

ஆன் அரசியார் தூய்மையிலும் மென்மையிலும் பெருவிருப்பமுடையவர். அவர் மேனிக்குப் பொருந்தும் அளவுக்கு மெல்லிய துணி கிடைப்பதே அரிதாக இருந்ததாம். முரட்டுத் துணி விரித்த படுக்கையே அவருக்கு நரகமாகும் என்று அமைச்சர் மாசரேன் வேடிக்கையாகச் சொல்வது வழக்கம். அவ்வரசியார்க்கு உலகில் மிகவும் அஞ்சத்தக்கதாக இருந்தது மார்பகப் புற்று. தாம் வளர்த்த கன்னிமடத்தில் அந்நோயால் உடல் அழுகி மாண்ட துறவியரை அவர் நேரிற் கண்டிருந்தார். 1664இல் அதே நோய் அவரது மார்பிலும் வந்தது.

பிறகு நிகழ்ந்தது நீண்ட வேதனை. அரண்மனை மருத்துவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று கூறினர். ஒருவர் மருந்து பலியாதபோது மற்றொருவர் வந்தார். இறுதியில் லொரேன் பகுதியிலிருந்து வந்த அலியோ என்னும் மருத்துவர், தசையை அரித்துக் கருக்கும் காரப் பசையைத் தடவி, செத்த தசையைக் கத்தியால் அரிந்து எடுக்கும் முறையைக் கையாண்டார். அரச குடும்பத்தார் சூழ்ந்து நிற்க இது நடைபெற்றது. அரசியார் பொறுமையோடு இருந்தார். புண்ணின் நாற்றத்தைத் தாங்குவதற்காக நறுமணப் பொருள்களை அவர் முகத்தருகே பிடித்திருந்தார்கள். மெல்லிய துணிக்கும் நறுமணத்துக்கும் பேர்போன ஒருவர்க்கு இந்த நிலை வந்ததை மோத்தவீல் அம்மையார் உருக்கத்தோடு குறித்திருக்கிறார். 1666ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 20ஆம் நாள் ஆன் அரசியார் மறைந்தார். ஐரோப்பாவிலேயே பெருஞ்செல்வம் படைத்த அரசவை அவருக்குத் தர முடிந்தது நறுமணப் பை ஒன்றே. மருத்துவம் அன்று இருந்த இடம் அது.

அரசியர் பாடு இதுவானால், ஏழைகளின் பாடு என்ன? 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பொது மருத்துவமனைகள் பல தோன்றின. ஆனால் அவற்றிற் பெரும்பாலானவை, தீராத நோயாளர் என்று கருதப்பட்டோரை ஏற்பதில்லை. தீரும் நோயாளிக்கு வேண்டிய படுக்கையைத் தீரா நோயாளி அடைத்துக்கொள்வார் என்பது கருத்து. அந்நிலையில் பிரெஞ்சு நாட்டு ரேம்ஸ் நகரத்தில் ழான் கொதினோ என்ற சமயகுரு, புற்றுநோயாளர்க்கென்றே ஒரு மருத்துவமனை ஏற்படுத்தப் பொருள் அளித்தார். 1740இல் அது தொடங்கியது. நகர மக்கள் என்ன செய்தார்கள்? புற்று தொற்றிக்கொள்ளும் என்று அஞ்சி எதிர்த்தார்கள். பல்லாண்டுகள் நீடித்த அவ்வெதிர்ப்பின் விளைவாக, 1779இல் மருத்துவமனை நகருக்கு வெளியே மாற்றப்பட்டது.

அந்த அச்சம் பிரெஞ்சு நாட்டோடும் அந்த நூற்றாண்டோடும் போய்விடவில்லை. என் தமக்கையார் இந்நோயோடு ஆறு ஆண்டுகள் வாழ்ந்தார். மார்பகம் அகற்றப்பட்டு நான்கு ஆண்டுகள் நலமாக இருந்தபின், தழும்பைச் சுற்றி மிளகைத் தூவினாற்போலச் சிறு முடிச்சுகள் தோன்றின. அவற்றுள் ஒன்று உடைந்து புண்ணாயிற்று. அவரைப் பார்க்க வந்த உறவினர் ஒருவர், தாம் காப்பி குடிப்பதற்குத் தம் வீட்டிலிருந்தே ஒரு டம்ளரைக் கைப்பையில் வைத்துக் கொண்டுவந்தார். அக்கா அதனைக் கண்டும் காணாதவர்போல இருந்துவிட்டார். அவர் சென்றபிறகு, “தம்பி, அவளுக்கு அடுத்த முறை சிரமம் வேண்டாம், புது டம்ளர் ஒன்று வாங்கி வைத்துவிடலாம்” என்றார். நான் பல நாட்டுப் புரட்சிகளைப் பற்றிப் பாடம் நடத்தியவன். அந்தச் சொல்லுக்கு விடை சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

இலண்டன் நகரத்தில் நிலைமை சற்று மேம்பட்டது. அங்கே மிடில்செக்ஸ் மருத்துவமனையில் 1792இல் புற்றுநோயாளர்க்கென ஒரு தனிப் பகுதி திறக்கப்பட்டது. ஜான் ஹோவர்ட் என்ற அறுவை மருத்துவர் திட்டம் தந்தார். சாமுவேல் விட்பிரெட் என்ற மதுவாலை முதலாளி பொருள் தந்தார். அங்குச் சேர்ந்தவர் குணமாகும்வரையில் இருக்கலாம். குணமாகாவிடில் உயிருள்ளவரையில் இருக்கலாம். வெளியேறு என்று சொல்லப்படாத ஓர் இடம் அவர்களுக்குக் கிடைத்தது. நோயோடு வாழும் உரிமையை மருத்துவமனை ஒன்று ஒப்புக்கொண்டதற்கு இதைக் காட்டிலும் பழைய சான்றுகள் மிகச் சிலவே. மேலும் ஒரு பயன் விளைந்தது. நோயாளர் நெடுநாள் தங்கியதால், நோயின் போக்கை நெடுநாள் நோக்கியிருக்க மருத்துவர்க்கு வாய்ப்பு உண்டாயிற்று.

19ஆம் நூற்றாண்டில் நோக்கும் கண்கள் கூர்மையடைந்தன. பாரிஸ் நகரத்து அறுவை மருத்துவர் வெல்போ, மார்பின் தோல் முழுவதும் தடித்து இறுகி, இரும்புக் கவசம் பூட்டியதுபோல ஆகிவிடும் ஒரு வகையை 1838இல் விவரித்தார். கவசப் புற்று என்ற பெயர் மருத்துவ நூல்களில் இன்றும் வழங்குகிறது. கன்னனின் கவசம் உடலோடு ஒட்டிப் பிறந்து அவன் உயிரைக் காத்தது. இதுவோ மூச்சை நெருக்கும் கவசம். இலண்டன் நகரத்து ஸ்டீவன் பேஜட் என்பவர், மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் குறிப்புகளை ஆராய்ந்து 1889இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். புற்றணுக்களை வித்துக்கும், அவை சென்று சேரும் உறுப்பை நிலத்துக்கும் ஒப்பிட்டார். வித்து எங்கும் பறக்கும். ஏற்ற நிலத்தில்தான் முளைக்கும். உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை.

இதற்கிடையே, 1846இல் மயக்க மருந்தும், 1867இல் லிஸ்டரின் நச்சுயிர் நீக்கும் முறையும் வந்து, அறுவை மருத்துவர்களின் கைகளுக்குப் புதிய துணிவைத் தந்துவிட்டன. அமெரிக்காவில் ஹால்ஸ்டெட் மார்பகத்தோடு மார்புத் தசைகளையும் சேர்த்து அகற்றும் பெரும் அறுவையை முறைப்படுத்தினார். ஆனால் தோலில் ஏற்கெனவே விதைக்கப்பட்டுவிட்ட நோயைக் கத்தியால் துரத்த முடியுமா? ஒரு முடிச்சை அகற்றினால் வெட்டின் ஓரத்தில் இன்னொன்று எழும். அத்தகையோரை அறுவைக்கு ஏலாதவர் என்று ஒதுக்கிவிட்டனர். அவ்வாறு ஒதுக்கப்பட்ட ஒரு பெண்ணிடமிருந்துதான் அடுத்த திருப்பம் தொடங்கியது.

அத்திருப்பத்துக்கு உரியவர் ஜார்ஜ் தாமஸ் பீட்சன். ஸ்காத்லாந்தில் புகழ்பெற்ற இவர் பிறந்த ஊர் நமக்கு அயலூரன்று. 1848இல் இலங்கையின் திருகோணமலையில் பிறந்தார். எடின்பரோவில் மருத்துவம் பயின்று, லிஸ்டரிடம் பணியாற்றினார். 1876இல், மனநலம் குன்றிய ஒருவரைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பில் ஸ்காத்லாந்தின் மேற்குப் பகுதியில் தங்கியிருந்தார். வேலை குறைவு, பொழுது மிகுதி. அருகே ஆட்டுப் பண்ணைகள் இருந்தன. குட்டிகள் பால்குடி மறக்கும் பருவத்தைக் கண்ட அவருக்குப் பால் சுரக்கும் முறையைப் பற்றியே ஆராயலாம் என்று தோன்றியது. ஓய்வுப் பொழுதை இப்படிப் பயன்படுத்தியவரும் உளர் என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

ஆராய்ச்சியில் இரண்டு செய்திகள் அவர் மனத்தைப் பற்றிக்கொண்டன. பால் சுரக்கும்போது மார்பக அணுக்கள் பெருகி நாளங்களை நிரப்புகின்றன. அதன் தொடக்கம் புற்றின் தொடக்கத்தைப் போலவே இருக்கிறது. ஒன்று பாலாக மாறி முடிகிறது. மற்றொன்று முடிவின்றிப் பெருகுகிறது. இது முதற் செய்தி. கன்று ஈன்ற பசுவின் சூற்பையை அகற்றிவிட்டால் அது நீண்டகாலம் பால் தரும் என்று சில நாட்டு மாட்டுப் பண்ணையாளர் அறிந்திருந்தனர். இது இரண்டாம் செய்தி. மார்பகத்துக்கும் சூற்பைக்கும் நரம்புத் தொடர்பு ஒன்றும் புலப்படவில்லை. ஆயினும் ஒன்று மற்றொன்றை ஆள்கிறது! இந்த எண்ணத்தை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவர் சுமந்து திரிந்தார். ஜெர்மனியில் சின்சிங்கர் என்பவர் 1889இலேயே, மார்பகப் புற்றுக்குச் சூற்பையை நீக்கிப் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார்; செய்து பார்க்கவில்லை.

1895ஆம் ஆண்டு மே மாதம் கிளாஸ்கோ நகரில் ஒரு பெண் பீட்சனிடம் வந்தார். வயது 33, இரண்டு குழந்தைகளின் தாய். இடது மார்பகம் முன்பே அகற்றப்பட்டிருந்தும், தழும்பிலும் மார்புச் சுவரிலும் புற்று மீண்டும் எழுந்திருந்தது. இனிக் கத்தியால் ஆவது ஒன்றுமில்லை. பீட்சன் அவரிடமும் அவர் கணவரிடமும் தம் கருத்தை ஒளிக்காமல் எடுத்துரைத்தார். இது சோதனை என்பதையும் சொன்னார். அந்தப் பெண் இசைந்தார். ஜூன் 15ஆம் நாள் சூற்பைகள் நீக்கப்பட்டன. தைராய்டு மாத்திரைகளும் கொடுக்கப்பட்டன. கத்தி மார்பைத் தொடவேயில்லை.

பிறகு நடந்ததை அனைவரும் கண்ணால் கண்டனர். கெட்டியாயிருந்த கட்டி தளர்ந்தது, சிறுத்தது. எட்டுத் திங்களில் அதன் சுவடே தெரியவில்லை. 1896 மே மாதத்தில் எடின்பரோ மருத்துவர் சங்கத்தின் முன் பீட்சன் அப்பெண்ணை அழைத்துக்கொண்டுபோய்க் காட்டினார். அவ்வாண்டு ஜூலையில் ‘லான்செட்’ இதழில் அவரது கட்டுரை வெளிவந்தது. நோய் பின்னர்த் திரும்பி வந்தது. அறுவை நடந்து ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் கழித்து அப்பெண் மறைந்தார். அவர் குழந்தைகளோடு கழித்த அந்த ஆண்டுகளை எந்த வரலாற்று நூலும் விவரிக்கவில்லை. நான் வரலாற்றாசிரியனாயின், மருத்துவர் சங்கக் கூட்டத்தைவிட அந்த வீட்டைப் பற்றித்தான் எழுத விரும்புவேன்.

இங்கே நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. அப்பெண்ணின் நோய் ஈரலிலோ எலும்பிலோ மட்டும் இருந்திருப்பின், 1895இல் அது குறைந்ததா கூடியதா என்று எவர் அறிந்திருக்கக் கூடும்? ராண்ட்ஜென் எக்ஸ் கதிரைக் கண்டதே அவ்வாண்டு நவம்பரில்தான். தோலின்மேல் இருந்ததால் விரலால் தொட்டு அளக்க முடிந்தது; வாரந்தோறும் ஒப்பிட முடிந்தது; ஐயுறுவோர்க்கு நேரிற் காட்ட முடிந்தது. அட்டோசா நாணி மறைத்ததும், ரேம்ஸ் நகரத்தார் ஊருக்கு வெளியே தள்ளியதுமான அந்தப் புறத்தே தெரியும் நோய்தான், உடல் முழுவதற்குமான மருத்துவம் ஒன்று புற்றின்மேல் வேலை செய்கிறது என்பதை உலகுக்குக் காட்டிற்று.

பீட்சன் கருதிய விளக்கம் முழுவதும் சரியானதன்று. ஹார்மோன் என்ற சொல்லே 1905இல்தான் வழக்குக்கு வந்தது. அவரைப் பின்பற்றிப் பலர் இவ்வறுவையைச் செய்தனர். ஸ்டான்லி பாய்ட் என்பவர் 1900இல் அத்தகைய 54 பேரின் வரலாறுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர்க்கே பயன் விளைந்திருந்தது. மற்றவர்க்கு ஏன் விளையவில்லை? அரை நூற்றாண்டுக்கு மேல் விடை கிடைக்கவில்லை. 1950களின் இறுதியில் சிகாகோவில் எல்வுட் ஜென்சன், பெண்மைச் சுரப்பான ஈஸ்ட்ரோஜெனைக் கதிரியக்க அடையாளமிட்டுச் செலுத்தி, அது எங்கே போய்த் தங்குகிறது என்று பார்த்தார். அதனை ஏற்றுப் பிடித்துக்கொள்ளும் ஒரு புரதம் சில திசுக்களில் உண்டு எனக் கண்டார். அந்த ஏற்பி உள்ள புற்றே சுரப்பை நம்பி வளர்வது; சுரப்பைத் தடுத்தால் வாடுவது. இல்லாததற்கு வேறு மருந்து தேட வேண்டும்.

அறுவையில்லாமலே சுரப்பைத் தடுக்கும் மாத்திரை வந்த கதை வேடிக்கையானது. இங்கிலாந்தில் ஒரு மருந்து நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் டோரா ரிச்சர்ட்சன் என்ற அம்மையார் 1962இல் ஒரு பொருளை உருவாக்கினார். கருத்தடை மாத்திரையாக ஆகும் என்று எதிர்பார்த்தனர். எலிகளுக்குக் கருவைத் தடுத்த அது, பெண்களுக்குக் கரு உண்டாவதற்கே துணைசெய்தது! கைவிடப்பட வேண்டிய அம்மருந்தை மான்செஸ்டர் நகரத்துக் கிறிஸ்டி மருத்துவமனையில் மேரி கோல் என்ற மருத்துவர், முற்றிய மார்பகப் புற்றுடைய 46 பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். பத்துப் பேருக்கு நல்ல பயன் தெரிந்தது. 1971இல் அம்முடிவு வெளியாயிற்று. அதுவே தமோக்சிஃபென். அதற்குப் பிறகு வேறு சுரப்புத் தடை மருந்துகளும், 1998இல் ஹெர்–2 என்னும் புரதம் மிகுந்த புற்றுக்கென டிராஸ்டுசுமாபும், இன்னும் பலவும் வந்தன. அவற்றை ஒவ்வொன்றாகச் சொல்வது இவ்வுரையின் நோக்கமன்று.

என் தமக்கையார் உட்கொண்டதும் சுரப்பைத் தடுக்கும் மாத்திரையே. அவர் பள்ளிப் படிப்பு ஐந்தாம் வகுப்பு. ஆனால் நாள்காட்டியின் பின்புறத்தில் மாதந்தோறும் முடிச்சுகளின் எண்ணிக்கையைக் குறித்துவந்தார். “தம்பி, சென்ற மாதம் ஏழு. இப்போது எண்ணிப்பார், ஐந்துதான்” என்று கண்ணாடியின் முன் நின்று சொல்வார். பீட்சன் செய்ததும் அந்த எண்ணிக்கைதானே என்று எனக்குத் தோன்றும். தோலில் மட்டும் பரவி, ஈரல், நுரையீரல் முதலிய உள்ளுறுப்புகள் தப்பியிருப்பவர்களிற் பலர், மருந்துக்கு நோய் கட்டுப்படுமானால், ஆண்டுக்கணக்கில் வாழ்வதுண்டு. சமைப்பார்கள், பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவார்கள், திருவிழாவுக்குப் போவார்கள். நடுநடுவே எண்ணிக்கை கூடும், மருந்து மாற்றப்படும், மறுபடியும் குறையும்.

தமிழ்நாட்டில் இவ்வரலாற்றுக்குரிய இடம் அடையாறு. முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் தம் தங்கையை 1923இல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அத்துயரத்திலிருந்து எழுந்த முயற்சி, 1952இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஜூன் 18ஆம் நாள் புற்றுநோய் மருத்துவமனையாகத் திறப்பு விழாக் கண்டது. தொடக்கத்தில் பன்னிரண்டு படுக்கைகளே இருந்தன. அம்மையாரின் மைந்தர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் சேர்ந்து 2021இல் மறையும்வரை அங்கேயே பணியாற்றிய சாந்தா அம்மையாரும் அதனை வளர்த்தனர். அங்கு வந்த பெண்களிற் பலர் கட்டி தோலைப் பற்றிய பிறகே வந்தனர். அத்தகையோர்க்கு உடனே கத்தியை எடுக்காமல், முதலில் மருந்தாலும் கதிராலும் கட்டியைச் சுருக்கி, அதன்பின் அறுவை செய்யும் முறையை அந்நிலையம் கையாண்டு, நெடுங்காலப் பயன்களை ஆராய்ந்து வெளியிட்டது. அவர்கள் ஏன் தாமதமாக வந்தார்கள்? பணமின்மை ஒரு காரணம். தொலைவு ஒரு காரணம். அட்டோசாவின் காரணமும் அவற்றோடு இருந்தது.

புண்ணைப் பேணும் கலையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இவ்வுரை குறையுடையதாகும். பீட்சன் கட்டுரை வெளியான அதே 1896ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்தில் ரோஸ் ஹாதார்ன் லாத்ரப் என்ற அம்மையார், ஏழைகள் வாழும் பகுதியில் வாடகைக்கு அறைகள் எடுத்து, தீராப் புற்றுநோயாளரைத் தங்க வைத்தார். ஆங்கில வகுப்பில் நீங்கள் கேள்விப்படும் நத்தானியல் ஹாதார்ன் என்ற கதாசிரியரின் மகள் இவர். புண்ணைக் கழுவித் துணி கட்டுவதே அவர் அன்றாடப் பணி. நோயாளரிடம் காசு வாங்குவதில்லை. அன்று அவரிடம் இருந்தவை நீரும் துணியும் பொறுமையும்.

இன்று வேறு பொருள்களும் உள. புண்ணின் நாற்றம் புற்றால் நேரே வருவதன்று. காற்றில்லா இடத்தில் வளரும் கிருமிகள் செத்த தசையில் குடியேறுவதால் வருவது. எனவே அக்கிருமிகளை ஒழித்தால் நாற்றம் ஒழியும். வயிற்றுப்போக்குக்கு நாம் கேள்விப்பட்டிருக்கும் மெட்ரோனிடசோல் என்ற மலிவான மருந்தையே களிம்பாகவோ பொடியாகவோ புண்ணின்மேல் இட்டு நாற்றத்தைப் போக்கலாம் என்பது 1980களில் மருத்துவ இதழ்களில் வெளிவந்தது. பல புண்களில் சில நாள்களிலேயே மாற்றம் தெரிகிறது. ஆன் அரசியாரின் முகத்தருகே பிடித்த நறுமணப் பைகளை எண்ணிப் பாருங்கள்!

புண்ணோடு ஒட்டிக்கொள்ளாத துணிகள் வந்திருக்கின்றன. கட்டை அவிழ்க்கும்போது குருதி பெருகுவது அவற்றால் குறைகிறது. காய்ந்து ஒட்டிய கட்டை இழுக்கலாகாது. வெதுவெதுப்பான உப்புநீரால் நனைத்துத் தளர்த்தியே எடுக்க வேண்டும். கட்டு மாற்றுவதற்கு அரைமணி முன்பே வலி மருந்தைக் கொடுத்துவிடுவது செவிலியர் வழக்கம். கசியும் குருதியை நிறுத்தவும் வலியைத் தணிக்கவும் சில நாள் கதிர் மருத்துவம் உதவுகிறது. மருந்தூசியோடு சிறு மின்துடிப்பைச் செலுத்தி முடிச்சுகளைக் கரைக்கும் முறையும் ஐரோப்பாவில் வழக்கில் உள்ளது. வீட்டிலிருப்போர் கையுறை அணிவது புண்ணுக்குக் கிருமி சேராதிருக்கவும் கசிவு கையில் படாதிருக்கவுமே. நோய் தொற்றும் என்பதற்காக அன்று. கட்டு மாற்றியபின் கையைச் சோப்பிட்டுக் கழுவிவிட்டு, அந்த அறையிலேயே அமர்ந்து, அவர் குடித்த டம்ளரிலேயே காப்பி குடிக்கலாம்.